தேதி மாற்றுகிறவர்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வுபெற்று ஐந்து வருஷம் ஆகியும், எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டுக்குள் நுழைந்ததும் தலையைச் சாய்த்து மேலே சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். பின்னால் நிற்கிறவர்கள் என்னை முறைப்பார்கள். அவரை முறைத்துப் பயனில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் போலிருக்கிறது.

லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் அது எட்டுப் பேரைத் தாங்கும் கயிறு என்று நாமெல்லாம் நினைக்கிறோம். இல்லையாம். அந்தக் கயிறு எண்பது பேரைத் தாங்குமாம். எப்போதும் அப்படித்தான் போடுவார்களாம். கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதே கயிற்றை வீட்டுச் செலவிலும் கட்டித் தொங்கவிடுவார் என்று அப்போது யார் கண்டது.

மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. வீடு சொந்தம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது வங்கியில் இருக்கிறது. நானும் முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊரார் சட்டைகளைத் தைத்துச் சம்பாதித்தவள்தான். மகள் தன் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறாள். போன் செய்யும்போதெல்லாம் எங்கேயாவது போய்விட்டு வரச் சொல்கிறாள். இவ்வளவு இருந்தும் இவர் கணக்கில் நாங்கள் இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டே இருக்கிறோம்.

எனக்கு ஆசை ஒன்றுதான். கப்பல். கரையோரமாகவே போய், மூன்று துறைமுகங்களில் நின்று, ஒரு வாரத்தில் திரும்பும் கப்பல். மேல்தளத்தில் நாற்காலி போட்டு, பக்கத்து நாற்காலியில் இவரை உட்காரவைத்து, யாரோ போட்ட டீயை யாரோ கொண்டுவந்து நீட்ட, நான் எழுந்திருக்காமல் வாங்கிக் குடிக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் கை கால் நன்றாக இருக்கும்போதே குடிக்க வேண்டும்.

டிக்கெட் வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒரே சண்டையில் முடித்திருப்பேன். மனிதர் வாங்கிவிட்டார். வில்லங்கமே அதில்தான். ரத்து செய்தால் பாதிப் பணம் போய்விடும், தேதியை மட்டும் மாற்றினால் கொஞ்சம் கட்டணம் என்று அதில் ஒரு விதி. அந்த விதியை எழுதியவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

முதல் தடவை கூரை ஒழுகியது. சரி, ஒழுகுகிற வீட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாது, தேதியை மாற்றினார். அடுத்து குளியலறை ஹீட்டர் புகைந்தது. மாற்றினார். பிறகு வைப்பு நிதிக்கு வட்டியைக் குறைத்துவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். செய்தி வாசிக்கிற பெண் அடுத்த செய்திக்குப் போவதற்குள் இவர் கப்பல் அலுவலகத்துக்கு போன் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு மருமகன் வேலை மாறினான். மருமகன் வேலை மாறினால் மாமனாரின் கப்பல் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன். நாளைக்கு என்ன ஆகுமோ, எதுவும் சொல்வதற்கில்லை என்றார். உலகத்தில் எதைத்தான் சொல்வதற்கிருக்கிறது?

மாற்றிய கட்டணத்தையெல்லாம் கூட்டினால் இன்னொரு ஆளையும் கப்பலில் ஏற்றியிருக்கலாம். செலவுக்குப் பயந்து இப்படிச் செலவு செய்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கப்பலுக்கென்று இவருக்கு நான் தைத்த நீலச் சட்டையை இடுப்பில் இரண்டு முறை பிரித்துவிட்டாயிற்று. இனிப் பிரிக்க உள்ளே துணி இல்லை. தையல்காரியும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பாள், ஆனால் ஒரு அங்குலம் விடுவாள். முழுத் துணியையும் உள்ளே மடித்துவிட்டு ஆளை வெறும் உடம்போடு அனுப்ப மாட்டாள். இதை அவரிடமே சொன்னேன். நல்ல உதாரணம் என்று பாராட்டிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

இந்தத் தடவை சனிக்கிழமை கப்பல். வியாழக்கிழமை காலை நான் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும். மருந்து விலையெல்லாம் ஏறப்போகிறதாம். அதனால் இதைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன என்றார்.

கையிலிருந்த துண்டை அப்படியே கட்டிலில் எறிந்தேன். எனக்கும் சர்க்கரை இல்லை, அவருக்கும் இல்லை. போன மாதம்தான் டாக்டர் இவர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு இளைஞன் மாதிரி இருக்கிறீர்கள் என்று அனுப்பிவைத்தார். யாருக்கு மருந்து, எதற்கு மருந்து, இந்தப் பணத்தைக் கட்டிக்கொண்டு எந்தக் காலத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் மெதுவாகத் திறந்தது. திறக்கட்டும்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு இல்ல. உனக்கு."

"எனக்கா?"

"தொண்ணூத்தஞ்சு வயசு வரைக்கும் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். உனக்கு மட்டும்தான். எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் எழுபதைத் தாண்டினதில்ல. அப்பா, பெரியண்ணன், சின்னண்ணன். எனக்கு இப்ப அறுபத்தேழு."

மூன்று சாவுக்கும் நான் போயிருக்கிறேன். அந்த வயதுகள் எனக்கும் தெரியும். ஆனால் இந்த மனிதர் அவற்றை வரிசையாக வைத்து, கடைசியில் தன்னையும் நிறுத்தி, அதன் மேல் என் வாழ்க்கைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் என்பது தெரியாது. எந்த மாடியில் எனக்குக் கயிறு அறுந்துவிடுமோ என்று நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இவரைக் கஞ்சன் என்று மகளிடம் நான் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதுவரை வந்த ஆத்திரமெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு வந்தது. உயிரோடு, கல்லு மாதிரி, என் எதிரில் உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தனியாக ஒரு கிழவியின் வாழ்க்கையை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்.

"சரி, நீங்க சொல்ற மாதிரியே வச்சுக்குவோம்" என்றேன். "நீங்க போனதுக்கு அப்புறம் எனக்குச் சாப்பாடு இருக்கு, மருந்து இருக்கு, கூரை ஒழுகாது. இந்த வீட்டுல அத்தனை வருஷம் உட்கார்ந்து நான் எதை நினைச்சுக்கிட்டு இருக்கணும்? நீங்க தேதி மாத்தினதையா?"

அவர் தரையைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். விரல்கள் முழங்கால் மேல் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தன. இதற்கும் கணக்குப் போடுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கப்பல்ல ஏழு நாள்தானே?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"அத்தனை வருஷத்துக்கு ஏழு நாள் எப்படிப் போதும்?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கயிறு பலம் குறைவு என்று சொல்கிற அதே முகத்தோடு, கண் கலங்கக் கேட்டார். நான் எறிந்த துண்டை எடுத்து மடித்தேன். சரியாக மடிய நேரமாயிற்று.

"போதாதுதான்" என்றேன். "முதல்ல இதுக்குக் கிளம்புங்க."