காலில்லாத காலடிகள்

2018 பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, திருப்பாதிரிப்புலியூர் பண்டகசாலைத் தெரு பதினான்காம் எண் வீட்டுக் கூடத்தில் ஒன்பது ஈரக் காலடிகள் விழுந்தன. ஒரு வயதுக் குழந்தையின் காலடிகள். அந்த வீட்டில் குழந்தை கிடையாது. குளியலறை வாசலில் தொடங்கி, தள்ளாடி, சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்து, ஜன்னலுக்குக் கீழே அவை நின்றன. மின்விசிறி ஓடியதால் நான்கு நிமிடத்தில் காய்ந்தன. மறுநாளும் விழுந்தன. அதற்கு மறுநாளும். சில நாள் காலையில் மட்டும், சில நாள் மூன்று வேளையும். சுவர் வந்தால் திரும்பும், கதவு சாத்தியிருந்தால் திறக்கிறவரை காத்திருக்கும். துடைத்தால் போய்விடும், ஆனால் துடைத்ததற்காக வராமல் இருக்காது. ஒரு மாதத்தில் வீட்டார் தாண்டி நடக்கப் பழகிக்கொண்டார்கள். மீட்டர் ரீடிங் எடுக்க வரும் மணவாளன் மட்டும் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போவார்.

வீட்டில் மூன்று பேர். எழிலன் கட்டட வரைபடம் போட்டுத் தரும் அலுவலகத்தில் வேலை பார்த்தான். அவன் மனைவி அனுப்பிரியா மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. எழிலனின் அப்பா லூர்துசாமி தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 2015இல் அனுப்பிரியாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. அதற்குப் பிறகு புதுச்சேரி, சென்னை என்று பார்த்த வைத்தியம் எதுவும் கைகூடவில்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்றிருந்த நேரத்தில்தான் காலடிகள் வந்தன. போன குழந்தைதான் நடந்து பார்க்கிறது என்று லூர்துசாமி முடிவுகட்டி, கோயிலில் பூசைக்குக் கொடுத்தார். எதிர்வீட்டு இருசம்மாளுக்கோ வேறு கணக்கு. கோகுலாஷ்டமிக்குத் தன் வாசலில் மாவால் கண்ணன் பாதம் போடுகிறவள் அவள். "நாங்க கையால போட்டு வான்னு கூப்புடுறோம். உங்களுக்குத் தானா விழுது. பொறக்கப் போற புள்ளதான், வேற இன்னா?" என்றாள். அனுப்பிரியா மாமனார் சொன்னதையே நம்பினாள். காலடி விழும் நேரத்தில் அவள் கூடத்துக்கு வருவதில்லை. சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

அவள் சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வாளராகவும் பதிந்திருந்தாள். இன்றைய குறியியல் ஐரோப்பாவின் இடைக்கால மடங்களில் எப்படி வேர்விட்டது என்பது ஆய்வு. விளம்பரப் படமும் போக்குவரத்து விளக்கும் எதை எப்படிக் குறிக்கின்றன என்று ஆராய்கிற இந்தக் காலத்துப் படிப்பு, எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன் அங்கிகட்டிய துறவிகள் லத்தீனில் போட்ட சண்டைகளில் பிறந்தது என்று அவள் நிறுவ வேண்டும். அந்தத் துறவிகள் புகையையும் காலடித்தடத்தையும் இயற்கைக் குறிகள் என்றார்கள். சொல்லும் பெயரும் மனிதர் வைத்த குறிகள். உள்ளே மது உண்டு என்று காட்ட மதுக்கடை வாசலில் தொங்கவிடும் வளையத்தைப் பற்றி மட்டும் ஒரு துறவி பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். உள்ளே மது தீர்ந்துபோனால் அந்த வளையம் இன்னும் குறிதானா என்பது அவருடைய கவலை. இன்னொருவர் குறிகளைக் காலத்தால் மூன்றாகப் பிரித்தார்: நடந்ததை நினைவூட்டுவது, நடப்பதைக் காட்டுவது, வரப்போவதை அறிவிப்பது. இதையெல்லாம் படிக்க அவள் சனிக்கிழமைதோறும் பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் போய் வந்தாள். அவள் குறி சொல்லப் படிக்கிறாள் என்றே இருசம்மாள் நெடுநாள் நினைத்திருந்தாள்.

வருடங்கள் போயின. எழிலன் வரைகிறவன் ஆனதால், காலடி வந்த முதல் மாதத்தில் ஒரு முறையும், பிறகு வருடா வருடம் ஜனவரி முதல் தேதியும் டிரேசிங் தாளைத் தரையில் விரித்துக் காலடியை வரைந்து, தேதி போட்டுச் சுருட்டி வைத்தான். ஏன் செய்கிறான் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அன்றிலிருந்து காலடிகளும் கூடத்துக்கு வரவில்லை. பின்னறைக்குள்ளேயே விழுந்தன, நாலு சுவருக்குள் சுற்றிச் சுற்றி, செப்டம்பர் வரைக்கும். மறு வருடம் ஆனி மாதத்தில் பதினோரு நாள் இடது காலடி முழுதாக விழவில்லை. குதிகால் மட்டும் பதிந்தது. பன்னிரண்டாம் நாள் பாதம் முழுவதும் பதிந்தபோது, "கால் சரியாப்போச்சு போல" என்று லூர்துசாமி தன்னையறியாமல் சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் தானே திகைத்து உட்கார்ந்தார்.

அந்த ஆகஸ்டில் அனுப்பிரியா மூன்றாம் இயலைச் சமர்ப்பித்தாள். வழிகாட்டிப் பேராசிரியை பவானி கறாரானவர். இயல் திரும்பி வந்தபோது ஒரே பக்க ஓரத்தில் மூன்று இடத்தில் சிவப்பு மையில் ஒரே சொல் இருந்தது: "யாருக்கு?" குறியையும் அது குறிக்கும் பொருளையும் பற்றி அவள் அறுபது பக்கம் எழுதியிருந்தாள், அது யாருக்குக் குறிக்கிறதோ அந்த மூன்றாவது ஆளை விட்டுவிட்டாள். ஆளில்லாமல் குறி இல்லை என்பது அந்தத் துறவிகளின் பாலபாடம். திரும்பி வரும் ரயில் கிள்ளையைத் தாண்டி, பரங்கிப்பேட்டைக்கு முன் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது அவள் கையிலிருந்த இயலை மூடிவைத்தாள். அவள் தன் வீட்டுக் கூடத்தை நினைத்தாள். இறந்த குழந்தையின் கால் வளராது; இந்தக் காலடியோ வருடத்துக்கு வருடம் பெரிதாகிறது என்று அவளுக்கே தோன்றியிருந்தது. பிறக்காத குழந்தை ஊரடங்குக்குக் கட்டுப்படாது. அதற்குக் காலில் அடிபடாது. அப்படியானால் அந்தக் காலடி போனதும் இல்லை, வரப்போவதும் இல்லை. ஒரு பிள்ளை இந்த நிமிடம் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறது. அது யாருக்குத் தெரிகிறது? பண்டகசாலைத் தெருவில் மூன்று பேருக்கு. மூன்றரை வருடமாகத் தெரிகிறது, மூன்றரை வருடமாக அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல், எழிலனிடம் அந்தச் சுருள்களைக் கேட்டாள். நான்கையும் தரையில் வரிசையாக விரித்தார்கள். நான்காவது முதலாவதைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

"வளருதுன்னு தெரியும். அதச் சொன்னா நீ அழுவியோன்னு சொல்லல."

"அது எங்கியோ உயிரோட இருக்குதுங்க. நாமதான் போவாம இருக்கோம்."

அடுத்த வாரமே தத்தெடுப்புக்கு இணையத்தில் பதிவு செய்தார்கள். நான்கிலிருந்து ஆறு வயதுக்குள், ஆணோ பெண்ணோ, என்று குறிப்பிட்டார்கள். உறவுக்காரர்கள் வந்து, யார் பெற்றதோ, கைக்குழந்தையாக வாங்கினாலாவது ஒட்டும் என்றெல்லாம் பேசிப் பார்த்தார்கள். லூர்துசாமி அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார். வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத சமூகப் பணியாளர் சுவேதா வந்த அன்றுதான் சிக்கல் வந்தது. இருபத்தாறு வயதுப் பெண், கையில் ஃபைல். கூடத்தில் கால் வைத்ததும் தரையைப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது.

"உங்களுக்குக் குழந்தை இல்லன்னு ஃபார்ம்ல போட்டிருக்கீங்க மேடம். இது யாரோட கால்?"

"யாரோடதுன்னு தெரிஞ்சிக்கத்தான் மேடம் அப்ளை பண்ணியிருக்கோம்" என்றாள் அனுப்பிரியா.

சுவேதா நம்பவில்லை. பரணையும் கட்டிலடியையும் பார்த்தாள், எதிர்வீட்டில் போய் இருசம்மாளை விசாரித்தாள், திரும்பி வந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பொய் சொன்னதாக எழுதிவிட்டால் விண்ணப்பம் அன்றோடு முடிந்தது. பன்னிரண்டே கால் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுவேதாவின் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி ஒரு காலடி விழுந்தது. அடுத்தது அதற்கு முன்னால். அப்புறம் ஓட்டமாகப் பதினேழு. சுவேதா குனிந்து ஒன்றை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தாள். "சோப்புத் தண்ணி. கை கழுவிட்டு சாப்புடப் போவுது" என்றாள். அறிக்கையில் அவள் எழுதியது இவ்வளவுதான்: வீட்டில் குழந்தை ஓடி விளையாடப் போதுமான இடம் உள்ளது.

2023 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கைப்பேசிக்குச் செய்தி வந்தது. பெண் குழந்தை, ஆறு வயது, பெயர் கொளஞ்சி, சிதம்பரத்தில் ஒரு குழந்தைகள் இல்லம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். கூட வந்த படத்தில் ஒரு சிறுமி கன்னத்தில் பவுடர் திட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தாள். காலில் சாக்ஸும் ஷூவும். எழிலன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, அந்த வருடத்துச் சுருளை எடுத்து அனுப்பிரியாவின் முன்னால் வைத்தான்.

"போய் வச்சிப் பாத்துட்டு சம்மதம் சொல்லலாம் அனு. வேற புள்ளயா இருந்தா? நம்மளுது அங்க எங்கியோ காத்துக்கிட்டு இருக்குமே."

அனுப்பிரியாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. இரவெல்லாம் அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தாள். "கால் ஒத்து வரலன்னா அந்தப் புள்ளகிட்ட இன்னா சொல்லுவீங்க?" என்று கேட்டாள். "போர்டப் பாத்துட்டு ஓட்டலுக்குள்ள போறோம். உள்ள போய் உக்காந்தப்புறமும் போர்டையே பாத்துக்கிட்டு இருப்பமா? இது நம்மள எழுப்பி உக்கார வச்சிச்சு. அதோட வேல முடிஞ்சிது. இனிமே இந்தப் புள்ளயோட மொகத்தப் பாருங்க." சொல்லிவிட்டுச் சம்மதம் என்ற பொத்தானை அவளே அழுத்தினாள். எழிலன் சுருளைப் பழையபடி அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

இல்லம் சிதம்பரம் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், அனுப்பிரியா எட்டு வருடம் சனிக்கிழமைதோறும் ஷேர் ஆட்டோவில் கடந்துபோன தெருவில் இருந்தது. நீல நிற கேட்டை அவள் நூறு தடவையாவது பார்த்திருப்பாள். வார்டன் அம்மா இருவரையும் வராந்தாவில் உட்காரவைத்து, "குளிச்சிக்கிட்டு இருக்கா, இப்ப வந்துடுவா" என்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு கதவு படாரென்று சாத்தியது. தலையில் துண்டு சுற்றிய சிறுமி சிமெண்டுத் தரையில் ஓடி வந்து, இவர்களைக் கண்டதும் பிரேக் போட்டதுபோல நின்றாள். எழிலன் அவள் முகத்தைத்தான் பார்த்தான். பார்க்கச் சொல்லியிருந்தபடி பார்த்தான். அனுப்பிரியாவும் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான், இருவருடைய பார்வையும் தானாகவே, அவள் ஓடிவந்த தரைக்கு இறங்கியது. ஐந்து வருடமாகத் தினமும் துடைத்த காலடியை அடையாளம் தெரியாமல் போகுமா? எழிலன் எழுந்து கேட்டருகே போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"அந்த மாமா ஏன் அழுவுறாரு?" என்றாள் கொளஞ்சி.

"ரொம்ப நாளா உன்னத் தேடிக்கிட்டு இருந்தாரு."

"நான் இங்கதான் இருந்தேன்" என்றாள் அவள், கொஞ்சம் கோபமாக.

கலெக்டர் கையெழுத்தோடு தத்து ஆணை வர நான்கு மாதம் ஆனது. ஆணையில் புதுப் பெயர் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். லூர்துசாமி ஸ்டெல்லா என்று வைக்க ஆசைப்பட்டார். இல்லத்தில் பிள்ளையை முதன்முதலில் தூக்கிய ஆயா மணவாளநல்லூர்க்காரி, அவள் ஊர் சாமி பேரை வைத்துவிட்டாள், மாற்றினால் தப்பில்லை என்று பங்குச் சாமியாரும் சொன்னார். "ஸ்டெல்லான்னு கூப்புட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றாள் கொளஞ்சி. இரண்டு நாள் லூர்துசாமி கூப்பிட்டுப் பார்த்தார்; அவள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவரே கொளஞ்சி மேரி என்று எழுதிக் கொடுத்தார். பெயர் வைக்கிறவரால் மட்டும் பெயர் நிற்பதில்லை, திரும்பிப் பார்க்கிற ஆளும் வேண்டும் என்பதை அனுப்பிரியா ஐந்தாம் இயலில் அடிக்குறிப்பாகச் சேர்த்தாள். பவானி அதன் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அவர் ஒன்றும் எழுதாவிட்டால் பாராட்டு என்று துறையில் எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளை வந்துவிட்டதால் காலடிகள் நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் வீட்டில் இருக்கும்போது நின்றன. பள்ளிக்கூடம் போன முதல் நாள், பத்தரை மணிக்கு, கூடத்தில் மறுபடி விழுந்தன. இடைவேளையில் ஓட்டம், பிரேயரில் ஒரே இடத்தில் ஜோடியாக அரைமணி நேரம், கணக்குப் பரீட்சை அன்று மேசைக்கடியில் ஒரு கால்மேல் ஒரு கால். ஆய்வேட்டை முடிக்க விடுப்பெடுத்து வீட்டில் இருந்த அனுப்பிரியா, எழுதிக்கொண்டே தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். பள்ளி விட்டுக் காலடி வீட்டுக்குக் கிளம்புவதைப் பார்த்துத்தான் லூர்துசாமி உலை வைத்தார்.

2025 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, இருசம்மாள் மோர் வாங்க வந்தாள். ஜன்னலிலிருந்து குளியலறை வரை ஒற்றைக் காலடிகளாகத் தரையெல்லாம் நொண்டியடித்திருந்தது. இருசம்மாள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டி வந்தாள்.

"இன்னிக்கி பி.டி. பீரியடா?"

"ஆமாக்கா. ஒக்காருங்க, இப்பக் காஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, அனுப்பிரியா மின்விசிறியைப் போட எழுந்தாள்.