ஒரு சாண் ஜோடி

“நான் சாகற அன்னிக்கு எடப்புளி நாட்டையே எடது காலால கூப்புடுவேன். ஒருத்தன் ஊட்ல தங்கமாட்டான்” என்று பத்து வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்த வாயை, அத்தாயி பழைய வேட்டிக் கிழிசலால் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டு கொஞ்சம் கூடுதலாகவே இறுகிவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். விடிகாலையில் காய்ச்சலில் கண்ணை மூடிய அவள் புருஷன் குழந்தைசாமியின் இடது காலும் வலது காலோடு கட்டைவிரலில் முடிச்சுப் போடப்பட்டு, முதல்முறையாகச் சும்மா கிடந்தது.

ஏற்காட்டுத் துரைமார் கிளப்பில் விளக்குத் துடைக்கப் போன இடத்தில் பிடித்த பைத்தியம் அது. அங்கே ஒரு பேண்டுக்காரன் இரண்டு வெண்கலத் தட்டுகளை ஒரு கம்பியில் எதிரெதிராக மாட்டி, கை படாமல் காலால் மிதித்தே தாளம் போட்டானாம். மலைமேல் தன் ஊரான பைல் நாட்டுக்குத் திரும்பிய குழந்தைசாமி அதற்கப்புறம் சாமை விதைத்ததாகச் சாட்சி இல்லை. மூங்கில் குழலுக்குள் குடைக்கம்பியைச் செருகினான். லாரி சீட்டுச் சுருள்கம்பியை அடியில் வைத்தான். பலாப்பலகையில் மிதி செய்தான். பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு பலாமரத்தையே குடைந்து பெரிய கொட்டு ஒன்றும் செய்தான். வீட்டுக்குள் உட்கார்ந்து செய்து முடித்த பிறகுதான் அது வாசற்படியைவிடப் பெரிது என்று தெரிந்தது. சுவரை இடித்தான். மூன்று மழைக்காலம் அத்தாயி அந்தப் பொத்தலுக்குப் பாய் கட்டினாள்.

தட்டுதான் அமையவில்லை. காளப்பநாயக்கன்பட்டி பாத்திர வியாபாரி ஜாபர் உசேன் கடையில் அவன் மிதித்துப் பார்க்காத தாம்பாளம் கிடையாது. கடைசியாக இந்த மாதம் இரண்டு ஜோடி வந்தன. ஒன்று ஒரு சாண் அகலம், மற்றது ஒன்றரைச் சாண். வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும் என்பது பேச்சு. குழந்தைசாமி காய்ச்சலோடு கட்டிலில் படுத்து, காலை மட்டும் வெளியே நீட்டி, எட்டு நாள் மாற்றி மாற்றி மிதித்தான். எது என்று சொல்லாமலே போய்விட்டான்.

“போனவன் போனான், ஒரு முடிவு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா” என்றாள் அத்தாயி, ஒருவரையும் பார்க்காமல்.

உச்சிப்பொழுதுக்கு முன்னால், பள்ளத்துக்கு அப்பால் அத்தாயியின் பிறந்த ஊரான எடப்புளி நாட்டுக்குச் சாவு சொல்லப் போன சின்னராசு தனியாகத் திரும்பி வந்தான்.

“அண்ணன் வரலியா?” என்றாள் அத்தாயி.

சின்னராசு தலையைச் சொறிந்தான். “வரமாட்டேன்னுட்டாருங்க. ரெண்டு வாட்டி செத்தவன்தானே, மூணாவது வாட்டியும் எந்திரிச்சு உக்காந்துக்குவான்னு சொன்னாருங்க. சாவுக்கொட்டு அவரு காட்டுல, அவரு காதுல வுழுந்தா வாராராம்.”

அதைத் தப்பென்று சொல்ல முடியாது. தாளம் கேட்க ஆள் வேண்டும் என்பதற்காகக் குழந்தைசாமி இரண்டு தடவை தன் சாவுக்குத் தானே ஆள் அனுப்பியவன். முதல் தடவை அத்தாயியின் அண்ணன் அர்த்தனாரி பள்ளம் இறங்கி மேடு ஏறி, கோடித்துணியோடு அழுதுகொண்டே வந்தபோது, பிணம் கொட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, “வாங்க மச்சான், இதைக் கொஞ்சம் கேளுங்க” என்றது. இரண்டாம் தடவை அர்த்தனாரி அழவில்லை. கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப்போய் மிளகு மூட்டை தைத்துக்கொண்டார்.

ஆனால் பெண்டாட்டியின் பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பாடை எழும்பாது. ஊர்க்கவுண்டர் மாதேசன் வானத்தைப் பார்த்தார். “பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும். நம்ம ஊட்டுத் துணியையே போட்டுறலாம் அத்தாயி.”

“அப்ப எனக்குப் பொறந்த ஊடே இல்லைன்னு ஆயிருமுங்க.”

 அது அப்படித்தான் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கொட்டுக்கார மாணிக்கம் தோலை நான்காவது முறையாக நெருப்பில் காட்டினான். ஒரு வாரமாக மலையில் மழையும் மஞ்சுமாக இருந்ததில் தோல் தளர்ந்து, அடித்தால் சாணி தட்டுகிற சத்தம்தான் வந்தது. பலாமரக் கொட்டின் சத்தமும் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

இரண்டில் ஒரு ஜோடியைத் திருப்பிக்கொள்ளலாம் என்று மலையேறி வந்த ஜாபர் உசேன், பிணத்தைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். “ஏனுங்க கவுண்டரே, வெண்கலத்துக்கு மழையேதுங்க? ஒன்றரைச் சாண் ஜோடியை மாட்டுங்க. யானை பிளிறுன மாதிரி இருக்கும்.”

ஆண்கள் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பெரிய மலை, பெரிய பள்ளம், பெரிய தட்டு. பள்ளத்தைப் பார்த்த பாறை விளிம்புக்கு மிதியோடு தூக்கிப்போய் மாட்டினார்கள். கவுண்டர் மிதித்தார். பந்தல் அதிர்ந்தது, கூரையிலிருந்த எலிகள் குடும்பத்தோடு இறங்கி ஓடின, ஒரு கிழவிக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தது. “இது போதுமுங்க” என்றான் சின்னராசு, காதைப் பொத்திக்கொண்டு.

அத்தாயி எழுந்து வந்தாள்.

“ஊட்டுக்குள்ளயே கத்தற ஆம்பள மாதிரிதான் இது. வாசலைத் தாண்டுனா ஒண்ணுமில்லை. கழட்டுங்க.”

“அம்மிணி, இதுதாங்க கனமான ஜோடி” என்றார் ஜாபர் உசேன்.

“பாய், எட்டு நாளா இந்த எழவுக்குப் பயந்து ஓடைக்கு ஓடுனவ நானு. பெரிசை மிதிச்சா அங்க தண்ணிச் சத்தம்தான் கேக்கும், நிம்மதியாத் துணி தொவைப்பேன். சின்னதை மிதிச்சா அந்தப் பள்ளத்துலயும் வந்து காதைக் குத்தும். ஒரு நாளுகூடத் தப்பலை. சின்னதை மாட்டுங்க.”

 ஜாபர் உசேன் தானே குனிந்து திருகாணியைக் கழற்றினார்.

ஒரு சாண் ஜோடி வந்தது. கவுண்டர் மிதித்தார். சத்தம் சின்னதுதான், ஆனால் ஊசியாக இருந்தது. கவுண்டரின் கால்தான் சேறு மிதித்தது. ஒன்று விட்டு, மூன்று விட்டு, நடுவில் ஒரு இருமல்.

“மாடு தண்ணிக்கு வந்த மாதிரி இருக்குது. தள்ளுங்க” என்றாள் அத்தாயி.

“பொணத்தை வெச்சுக்கிட்டு, தாலி இன்னும் கழுத்துல இருக்கறப்ப, பொம்பள மிதிக்கறதா?” என்றார் கவுண்டர்.

“பத்து வருசம் கேட்டுத் தொலைச்சது நீங்களா, நானா?”

முக்காலியில் உட்கார்ந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, இடது காலை மிதியில் வைத்தாள். இரண்டு குட்டை மிதி, ஒரு நீள மிதி. மறுபடி இரண்டு, ஒன்று. ஒரு நாளும் அவள் அதைத் தொட்டதில்லை. கால் எங்கேயும் தடுமாறவில்லை. மஞ்சுக்குள் ஒவ்வொரு வெட்டும் நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போயிற்று. ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாணிக்கம் மட்டும் தன் கொட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டான்.

நெடுநேரம் மிதித்தாள். பெண்கள் வெறுங்குடத்தோடு போய் நிறைகுடத்தோடு திரும்பினார்கள். ஜாபர் உசேன் தொழுதுவிட்டு வந்தார். அவள் பாதம் வீங்கிவிட்டது. யாரோ கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததை, மிதிப்பதை நிறுத்தாமலே வேண்டாம் என்றாள்.

பொழுது மேற்கு முகட்டைத் தொட இரண்டு பனை உயரம் இருந்தபோது, அர்த்தனாரி சரிவில் ஏறி வந்தார். முழங்கால்வரை சேறு. தலையில் மடித்த புதுத்துணி. கையில் களைக்கொத்து, கீழே போட மறந்தது. நேராகப் பந்தலுக்குள் போனார். குனிந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். இறுகியிருந்த வாய்க்கட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். பிறகு கோடியை விரித்துப் போட்டார்.

பெண்கள் அழத் தொடங்கினார்கள். ஆட்கள் பாடையிடம் நகர்ந்தார்கள். பாறை விளிம்பில் தாளம் நிற்கவில்லை. இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று.

அர்த்தனாரி அங்கே போய் அவள் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சேற்றுக் கையை அந்தக் கால்மேல் வைத்து, மெல்ல அழுத்திப் பிடித்தார்.

“போதும் கண்ணு” என்றார். “கேட்டுச்சு.”