அண்ணி நிறுத்திவைத்த நெருப்பு

பயிற்சி மையத்தின் சிமுலேட்டர் அறை, மின்நிலையத்தின் கன்ட்ரோல் ரூமை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். அதே மேசை, அதே திரைகள், காதைத் துளைக்கும் அதே அலாரம். பாய்லர் மட்டும் கிடையாது. அது கம்ப்யூட்டருக்குள் எரிந்துகொண்டிருக்கும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒழுங்காக ஓடும் யூனிட்டில் கோளாறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவது பயிற்சியாளரான அவள் வேலை. பயிற்சிக்கு வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஏழரை மேடம்'. அது காதில் விழுந்தபோது அவளே சிரித்துவிட்டாள்.

அந்த அறைக்குத்தான் அவளுடைய கொழுந்தன் தேர்வுக்கு வந்தான். பாய்லர் தளத்தில் வெயிலும் சாம்பலுமாக வேலை பார்த்தவனுக்குக் கன்ட்ரோல் ரூம் மேசை கிடைக்கும் நேரம். வீட்டில் எல்லோருக்கும் அதே பேச்சு. "பெயிலாக்கிடாதம்மா, அப்புறம் அவன் தலை நிமிர்ந்து நடக்க மாட்டான்" என்று மாமியார் பாதி விளையாட்டாகச் சொன்னாள். மறுபாதி விளையாட்டில்லை என்று அவளுக்கும் தெரியும்.

கொழுந்தன் கெட்டிக்காரன். ஆனால் நாலு அலாரம் சேர்ந்து அடித்தால் கை உறைந்துவிடும். தேர்வில் அவள் கொடுத்தது, பாய்லருக்குள் சுடர் தடுமாறும் கோளாறு. அதற்கு விதி ஒன்றுதான். சாகிற சுடரைத் தாஜா பண்ணக் கூடாது. எரிபொருளை வெட்டி, உள்ளே இருப்பதைக் காற்றால் துரத்திவிட்டு, முதலிலிருந்து மூட்ட வேண்டும். தயங்கினால், எரியாமல் சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டு கிடைத்த இடுக்கு வழியாகத் தீ வெளியே பாயும்.

அவன் திரைகளைப் பார்த்தபடி நின்றான். பின்கழுத்தில் வியர்வை வழிவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. சிமுலேட்டரை நிறுத்தினாள். எல்லா எண்களும் இருந்த இடத்தில் நின்றன. பாடம் நடத்தும்போது அப்படி நிறுத்தலாம்; தேர்வில் கூடாது. மைக்கில், "தம்பி, இப்போ என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். சரியான பதிலைச் சொன்னான். ஓடவிட்டாள், செய்தான். அடுத்த சுற்றிலும் அதே கதை. தெரிந்துதானே இருக்கிறது, பதற்றம் போகப் போகச் சரியாகிவிடும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு பாஸ் போட்டாள்.

மழைக்காலத்தில் ஈர நிலக்கரி வந்தது. ஒரு பகல் நேரத்தில் கொழுந்தனின் யூனிட்டில் சுடர் ஆட ஆரம்பித்தது. பாய்லர் பக்கத்தில் இருந்த தொழிலாளி, உள்ளே சத்தம் மாறுகிறது என்று போன் செய்து சொன்னார். பாய்லர் சுவரிலிருக்கும் பார்வைத் துளை வழியாகச் சுடரைப் பார்க்கும்படி கொழுந்தன் சொன்னான். பிறகு அவன் கை மேசைமேல் அப்படியே நின்றுவிட்டது. இயந்திரத்தின் பாதுகாப்பு தானாகவே எரிபொருளை வெட்டியது. அதற்குள் தீ அந்தத் துளை வழியே சீறி வெளியே வந்திருந்தது. தொழிலாளியின் முகத்திலும் இரண்டு கைகளிலும் பட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, கரி ஈரம், ஆபரேட்டர் தாமதம் என்று இரண்டு காரணம் வைத்திருந்தார். பயிற்சியில் குறையில்லை என்றார். அவளுக்கு உயிர் வந்தது போல இருந்தது. அப்படி இருந்ததே வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளை அறுத்தது.

கொழுந்தன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அவளும் ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"என்ன செய்யணும்னு தெரியும் அண்ணி," என்றான். "கைதான் போகல. யாராவது நிறுத்திக் கேப்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு."

குத்திக்காட்டுவதற்காக அவன் சொல்லவில்லை. அவன் தன்னை மட்டும்தான் நொந்துகொண்டிருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அதிகாரியிடம் போய்த் தேர்வில் நடந்ததைச் சொன்னாள். அவர், இதை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார்.

"சொல்லலைன்னா பழி முழுக்க அவன் தலையில விழும் சார். பாதி என்னோடது."

தேர்வு வைக்கும் பொறுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கொழுந்தன் மேசையை விட்டு இறங்கி, வேறொரு பயிற்சியாளரிடம் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று உத்தரவானது. அவன் மறுக்கவில்லை. மாமியார்தான், தூக்கிவிடப் போன கையாலேயே தள்ளிவிட்டாள் என்று மூத்த மகனிடம் சொல்லி அழுதுவிட்டு, அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கணவன் இரண்டு பக்கமும் பேசவில்லை.

அதன் பிறகே ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்குத் துணிச்சல் வந்தது. தொழிலாளி தலையணையில் சாய்ந்திருந்தார். இரண்டு கைகளும் கட்டுக்குள். அவர் மனைவி கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். போனவள், தான் யார், செய்தது என்ன என்று தடுமாறாமல் சொல்லி முடித்தாள்.

"அந்தத் தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்கம்மா," என்றார் அவர். "போய்ப் பாக்கிறது என் வேலைதானே."

திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மனைவி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அப்போ அந்தத் தம்பிக்கு வேலை தெரியும்னு சொன்னது நீங்கதானா?"

"ஆமாம்மா. நான்தான்."

அந்தப் பெண் அவளை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கஞ்சி ஆறிப்போகிறது என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, திரும்பி ஊட்ட ஆரம்பித்தாள். கிண்ணம் காலியாகும்வரை வந்தவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.