சிவப்புப் பிடியும் நீலப் பிடியும்

பார்சல் பிரிக்கும் கிடங்கின் பின்மூலையில், ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடக்கூடிய அறையில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்து, ஓர் இயந்திரம் சாவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள் நோண்டி. வீட்டில் வைத்த பெயர் வேறு. கெட்டுப்போனதை மட்டுமில்லாமல், நன்றாக ஓடுவதையும் ஏன் ஓடுகிறது என்று திறந்து பார்க்கிற ஆள் என்பதால் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர் இது. இப்போது வேலை பார்க்கும் பராமரிப்புக் கம்பெனியிலும் அதுவே நிலைத்துவிட்டது.

எதிரே இரும்புச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்து இரைந்துகொண்டிருந்தது நெட்வொர்க் சுவிட்ச். லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. கிடங்கில் இருக்கிற அத்தனை ஸ்கேனரும் கேமராவும் பெல்ட்டை ஓட்டும் கணினியும் வயர் வழியாக வந்து கூடுகிற இடம். அது நின்றால் பெல்ட் நிற்கும். பெல்ட் நின்றால் பார்சல் பிரிப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நின்ற நேரத்துக்கும் சேர்த்து ஷிப்ட் முடிந்தபின் வேலை வாங்கிவிடுவார்கள்.

கொஞ்ச வாரமாகத் திங்கட்கிழமை காலையில் அது அணைந்துபோகிறது, தானாகவே பிழைத்துக்கொள்கிறது. நோண்டி அடித்துப் பிடித்து ஓடி வருவதற்குள் முன்பக்க விளக்கெல்லாம் பச்சையாக, ஒன்றும் தெரியாத பிள்ளை போல எரிந்துகொண்டிருக்கும். "யாரோ கை வைக்கிறாங்க. யாருன்னு தெரியட்டும், அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று மேலாளர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். அவளுடைய முதலாளியோ, "இந்த வாரமும் கையை விரிச்சேன்னா காண்ட்ராக்ட் போயிடும்" என்று போனில் கத்தியிருந்தார். நோண்டிக்கு இரண்டும் காதில் நிற்கவில்லை. இன்றைக்குத் திங்கட்கிழமை என்று ஓர் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விதான் அவளைப் பிடுங்கித் தின்றது. அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கதவு திறந்தது. வேக்குவம் கிளீனரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தவள் அவளுடைய அண்ணி.

அண்ணி இந்தக் கிடங்கில் துப்புரவு வேலை பார்ப்பது நோண்டிக்குத் தெரியும். இந்த அறை வரைக்கும் வருவாள் என்று தெரியாது. லோடு ஏற்றி ஏற்றி முதுகு போய் அண்ணன் வீட்டில் படுத்த நாளிலிருந்து, அடுப்பு எரிவது அண்ணியின் சம்பளத்தில்தான். வேக்குவத்தின் கைப்பிடி உடைந்து உள்ளங்கையைக் கிழித்ததால், அண்ணனின் பழைய கட்டம் போட்ட சட்டையைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"இங்க என்னடி பண்றே, தனியா உக்காந்து?"

"பேய் பிடிக்கிறேன் அண்ணி. திங்கக்கிழமை பேய்."

"பிடி, பிடி. பிடிச்சதும் உங்க அண்ணன்கிட்ட அனுப்பு, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லைன்னு புலம்பிட்டுக் கிடக்கார். இப்போ காலைத் தூக்கு, தூசி எடுத்துட்டுப் போயிடறேன்."

நோண்டி பெட்டி மேல் காலை மடக்கிக்கொண்டாள். அண்ணி சட்டத்துக்குப் பின்னால் குனிந்தாள். அவள் கை பார்க்காமலேயே இடம் தெரிந்து போயிற்று. சுவரில் இருந்த இரண்டு கறுப்பு வயர்களில் ஒன்றைக் கழற்றினாள், அந்த ஓட்டையில் வேக்குவத்தைச் சொருகினாள். அறை முழுக்க இரைச்சல்.

சுவிட்ச்சில் அத்தனை விளக்குகளும் ஒரே மூச்சில் அணைந்தன.

வேக்குவம் போட்ட சத்தத்தில் அது செத்த சத்தம் கேட்கவே இல்லை. அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, மூலை மூலையாகத் தூசியை இழுத்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்டோம் என்று நோண்டிக்கு ஒரு நொடி நெஞ்சு துள்ளியது. அடுத்த நொடி யாரைக் கண்டுபிடித்தோம் என்று உறைத்தது. எட்டி வேக்குவத்தை நிறுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட் சத்தமும் இல்லை.

"அண்ணி, இந்த வயரை எவ்வளவு நாளா கழட்டுறீங்க?"

"வந்ததுலேருந்து, ஒவ்வொரு திங்கக்கிழமையும். இந்த ரூம்ல வேற பிளக் பாயின்ட் ஏதுடி? ஒண்ணு போட்டுக் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். முன்னாடி இங்க இருந்த டெக்னீஷியன் சார்தான் சொன்னார். இதுக்கு ரெண்டு வயர் இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும், நீ பாட்டுக்கு இதைக் கழட்டிக்கோ, முடிச்சதும் சொருகிடுன்னு. ஒரு வாரம் மறந்திருப்பேனா?" நோண்டியின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்தது. "ஏன்? நான்தானா அந்தப் பேய்?"

"முதல்ல அதைச் சொருகுங்க."

அண்ணி சொருகினாள். ஃபேன் இரைய ஆரம்பித்தது. விளக்குகள் முழித்துக்கொண்டு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் நோண்டிக்கு ஒன்று இடித்தது. அந்த டெக்னீஷியன் சொன்னதில் தப்பே இல்லை. இந்த சுவிட்ச்சுக்குக் கரன்ட் கொடுக்க இரண்டு பவர் சப்ளை, வயருக்கு ஒன்று. ஆளுக்கொரு பக்கம் கட்டில் தூக்குகிற மாதிரி. ஒருத்தர் கையை விட்டால் மற்றவர் தாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனை காலம் தாங்கியிருக்கிறது. இப்போது ஏன் தாங்கவில்லை?

போன் வெளிச்சத்தைப் பின்பக்கம் அடித்தாள். செங்கல் அளவில் இரண்டு பவர் சப்ளை, உள்ளே தள்ளிப் பொருத்தியிருந்தது. ஒவ்வொன்றிலும் சின்ன ஃபேன், ஒரு விளக்கு, இழுக்க ஒரு பிளாஸ்டிக் பிடி. வலது பக்கத்தில் சிவப்புப் பிடி, பச்சை விளக்கு. இடது பக்கத்தில் நீலப் பிடி, ஆரஞ்சு விளக்கு. இரண்டிலும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணியும் அவள் தோள் மேல் எட்டிப் பார்த்தாள். "முன்னாடி ரெண்டும் சிவப்பா இருந்துச்சே. போன மாசம் ஒண்ணு புகைஞ்சு போச்சுன்னு உங்க கம்பெனி ஆள் வந்து இந்த நீலத்தை மாட்டினார். ஃபேன் ஓடுது பாருங்க சார்னு மேலாளர்கிட்ட காட்டிட்டுப் போனார். அதுலேருந்து இதுல மட்டும் தூசி அப்புது, சிவப்புல ஒட்டவே மாட்டேங்குது. ஏன்னு உன்னைக் கேக்கணும்னு இருந்தேன்."

"ஒரு நூல் குடுங்க."

கைப்பிடியில் சுற்றியிருந்த சட்டைத் துணியிலிருந்து அண்ணி ஒரு நூலை உருவிக் கொடுத்தாள். நோண்டி அதைச் சிவப்புப் பிடியின் அருகே பிடித்தாள். நூல் அவள் முகத்தைப் பார்த்துப் பறந்தது. நீலப் பிடியின் அருகே கொண்டுபோனாள். நூல் திரும்பிக்கொண்டு ஃபேன் வலையில் போய் ஒட்டியது. அண்ணி நூலை வாங்கித் தானும் பிடித்துப் பார்த்தாள். இங்கே பறந்தது, அங்கே ஒட்டியது. இருவரும் சிறுபிள்ளைகள் போல மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள். மேலாளர், சம்பளம் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு மறந்தே போயிற்று.

"சிவப்பு காத்தை வெளிய தள்ளுற ரகம் அண்ணி. நீலம் உள்ள இழுக்குற ரகம். அளவு ஒண்ணுதான், கச்சிதமா உள்ள போய் உக்காந்துடும். ஆனா காத்து இப்படி எதிரும் புதிருமா போனா மெஷின் சூடாகிடும்னு சுவிட்ச்சுக்கே தெரியும். இந்த நீலத்தைச் சேர்த்துக்காது. அதுகிட்டேருந்து கரன்ட்டே வாங்காது."

"அப்போ சும்மாவா உக்காந்திருக்கு?"

"சும்மாதான். ஃபேன் மட்டும் ஓடும்."

"உங்க அண்ணன் மாதிரின்னு சொல்லு. மூச்சு மட்டும் நல்லா ஓடுது."

நோண்டி சிரித்துவிட்டாள். அண்ணியும் சிரித்தாள், பிறகு நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "பாவம், அந்த மனுஷன் ஆசைப்பட்டா படுத்திருக்கார்?" என்றாள்.

நீலப் பிடி எங்கிருந்து வந்தது என்று நோண்டிக்குப் புரிந்துவிட்டது. வேறோர் இடத்தில் கழற்றிய பழைய சரக்கு முதலாளியின் மேசைக்கு அடியில் கிடக்கும். பொருந்துகிறதா என்று மட்டும்தான் அவர் பார்ப்பார்.

மேலாளர் வேகமாக உள்ளே வந்தார். "இன்னைக்கும் நின்னுடுச்சு. என்னம்மா, பார்த்தீங்களா?"

நோண்டி பவர் சப்ளையில் ஆரம்பித்தாள். நூலை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நூல் பறந்ததும், ஒட்டியதும், அவர் முகமும் மலர்ந்தது. "அட, இவ்வளவுதானா சமாச்சாரம்" என்று இன்னொரு தடவை செய்தார். கெட்டவர் இல்லை. யாராவது விளக்கிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிற மனிதர்தான்.

நிமிர்ந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. "சரி, இடது பக்கம் தண்டம். வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு? அது ஏன் போச்சு?"

நோண்டி குனிந்து போன் வெளிச்சத்தை அணைத்தாள்.

"நான்தான் சார் கழட்டினேன், வேக்குவம் போட" என்றாள் அண்ணி. மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

மேலாளர் போனை எடுத்து நோண்டியின் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளியின் குரல் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. "பார்ட்டை இலவசமாவே மாத்திக் குடுத்துடறேன் சார், அதுல ஒண்ணும் இல்லை. ஆனா நீங்களே சொல்லுங்க, ஓடுற மெஷின்ல வயரைப் பிடுங்கினா அது எப்படி சார் ஓடும்?"

மேலாளர் தலையை ஆட்டினார். "அதுவும் சரிதானே."

"இல்லை சார்." நோண்டி குறுக்கே புகுந்தாள். "ஒண்ணைப் பிடுங்கினாலும் ஓடணும்னுதானே ரெண்டு வச்சிருக்கு. இவங்க கழட்டலைன்னா இந்த நீலம் தண்டம்னு யாருக்குமே தெரிஞ்சிருக்காது. சிவப்பு ஒரு நாள் கெட்டுப்போயிருந்தா, புதுசு வர்ற வரைக்கும் கிடங்கே மூடிக் கிடந்திருக்கும். இதைக் காட்டிக் குடுத்ததே அண்ணிதான் சார்."

"அண்ணியா?" மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க சொந்த அண்ணியா? அதைச் சொல்லவே இல்லையே நீங்க."

அதற்குப் பிறகு நோண்டி சொன்ன எதுவும் எடுபடவில்லை. காற்றுப் போகும் திசையைப் பற்றி மறுபடி சொன்னாள். பழைய டெக்னீஷியன் சொல்லிக்கொடுத்த பழக்கம் என்றாள். "அவர் இப்போ இங்க இல்லையேம்மா" என்றார் மேலாளர், பொறுமையாக. "கை வைச்சவங்க வீட்டுக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இப்போ மாத்திப் பேசினா நாளைக்கு என் பேச்சை யார் கேப்பாங்க?"

அண்ணி வேக்குவத்தின் வயரைச் சுருட்டி அதன் மேல் வைத்தாள். முன்பக்க விளக்கெல்லாம் பச்சைக்கு வந்திருந்தது. பெல்ட் ஓட ஆரம்பித்தது. நோண்டி வாசல் வரை கூடப் போனாள்.

"நோண்டாம இருந்திருக்கலாம்னு தோணுதா?" என்றாள் அண்ணி. "விடு. எனக்கும்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அந்தத் தூசி ஏன் ஒரு பக்கம் மட்டும் அப்புதுன்னு." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றாள். "உங்க அண்ணன்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீ முந்திக்காதே."

அடுத்த திங்கட்கிழமை நோண்டி சிவப்புப் பிடி போட்ட புதிய பவர் சப்ளையோடு வந்தாள். மேலாளர், சொன்னதைச் செய்கிற ஆள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து இரண்டாவது வயருக்குத் தனி லைன் இழுக்க வைத்திருந்தார். நோண்டி நீலத்தை உருவி எடுத்துச் சிவப்பைத் தள்ளினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அதன் விளக்கும் பச்சையாயிற்று. "எங்கே, பார்ப்போம்" என்று மேலாளர் தன் கையாலேயே ஒரு வயரைப் பிடுங்கினார். ஒன்றும் அணையவில்லை. அதைச் சொருகிவிட்டு மற்றதைப் பிடுங்கினார். வெளியே பெல்ட் நிற்காமல் ஓடியது. "இப்போ யார் கழட்டினாலும் கவலை இல்லை" என்றார் மனசு நிறைந்து.

கதவு திறந்தது. அண்ணி இல்லை. முகம் தெரியாத ஒரு பெண் வேக்குவத்தை இழுத்துக்கொண்டு வந்து, எங்கே சொருகுவது என்று தெரியாமல் நின்றாள்.

"அங்க பாரும்மா, உங்களுக்குன்னே போட்டிருக்கு" என்றார் மேலாளர்.

கதவை ஒட்டி, சுண்ணாம்புத் தூள் இன்னும் துடைக்கப்படாத சுவரில், புத்தம் புதிய பிளக் பாயின்ட் இருந்தது. துப்புரவுக்கு மட்டும் என்று அதன் மேல் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெண் சொருகினாள். பிறகு கட்டம் போட்ட துணி சுற்றிய கைப்பிடியைப் பிடித்து, மூலையிலிருந்து தூசி எடுக்கத் தொடங்கினாள்.