பாறைக்கு முன்னால் ஒரு மைக்

டமார்!

கப்பல் மறுபடியும் பாறையில் மோதி இரண்டாகப் பிளந்தது. டிவியில் ஜப்பானியக் கேப்டன் தொப்பியைக் கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் போனார்.

"போச்சு," என்றாள் ரேவதி, மைக்கை மடியில் போட்டுக்கொண்டு. "இன்னிக்கும் அந்த மனுஷனைக் கொன்னுட்டேன்."

"விடுங்கக்கா, அவருக்கு நீச்சல் தெரியும்," என்று எழில் சிரித்தாள். ஆனால் அவள் கண் மாடிப்படியின் மேல் இருந்தது.

பிரசாத் எந்த நிமிஷமும் வரலாம்.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது எழிலின் கடை. பழைய வீடியோ கேம் கன்சோல்கள், பெட்டி டிவிகள், தரையில் மெத்தைகள், டீ, காபி. ஆரம்பத்தில் தியானம் போரடித்துப்போன வெளிநாட்டுக்காரர்கள்தான் வந்தார்கள். ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோடும் பேசாமல் ஆடிவிட்டு, யாரோடும் பேசாமல் போனார்கள். தியானம் இங்கேயும் தொடர்ந்தது என்று சொல்லலாம்.

அப்புறம் இந்தக் கப்பல் வந்தது.

சென்னைக்காரரான பிரசாத் பழைய கன்சோல்கள் சேர்ப்பவர். அவர் கடனாகக் கொடுத்த ஜப்பான் கேம் இது. பட்டனே வேண்டாம். கன்சோலில் ஒரு மைக்கைச் சொருகி, வாயால் சொன்னால் போதும். "மிகி" என்றால் கப்பல் வலது பக்கம். "ஹிதாரி" என்றால் இடது பக்கம். "தோமாரே" என்றால் நின்றுவிடும்.

ஊரே ஏறி வந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் முடிந்ததும் ரேவதியும் அவள் செக்‌ஷன் பெண்களும் நேராக இங்கேதான். பக்கத்துத் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் எழிலின் சித்தப்பா அப்பாதுரை, கல்யாண ஆர்டர் இல்லாத நாளெல்லாம் இங்கேதான். ஒருத்தர் கத்த, பத்துப் பேர் வழி சொல்ல, கடைக்கு உயிர் வந்தது. எழிலுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

ஒரே ஒரு வில்லங்கம். கடைசிக் கட்டத்தை யாராலும் தாண்ட முடியவில்லை. பிரசாத் வைத்த நிபந்தனையோ அதேதான்: 'நான் திரும்ப வர்றதுக்குள்ள யாராவது முடிச்சா, கேம் உங்க கடைக்கே. இல்லன்னா எடுத்துட்டுப் போயிடுவேன். பெங்களூர்ல ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு.'

படியில் செருப்புச் சத்தம்.

"வணக்கம் எழில். கரை சேர்ந்தாச்சா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் பிரசாத்.

"பக்கத்துல வந்துட்டோம் சார்."

"பாறைக்குப் பக்கத்துல," என்றார் அப்பாதுரை.

"சித்தப்பா!"

பிரசாத் சிரித்தார். "தப்பு உங்க மேல இல்லீங்க. இந்த மைக் ஜப்பான்காரங்க குரலுக்குன்னே செஞ்சது. நம்ம தொண்டை அதுக்கு ஒத்துக்காது. நானே எத்தனை தடவை பார்த்துட்டேன்."

"முன்னாடி கட்டமெல்லாம் நம்ம தொண்டையிலதானே சார் தாண்டினோம்?" என்றாள் ரேவதி.

"அதெல்லாம் சுலபம். இது வேற. காட்டறேன் பாருங்க."

மெத்தையில் உட்கார்ந்தார். கடைசிக் கட்டம். புயல் கடல். கப்பலுக்கு நேர் எதிரே, மூக்கில் இடிக்கிற மாதிரி, கறுப்புப் பாறை. பிரசாத் மைக்கை எடுத்தார். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "பூ... பூ..." என்று ஊதினார்.

"மிகி!" என்றார்.

டமார்!

"பார்த்தீங்களா? ஒத்துக்காது."

எழில் பார்த்தாள். ஆனால் அவர் காட்டியதை இல்லை. அவர் 'மிகி' என்று சொல்வதற்கு முன்பே கப்பல் பாய்ந்துவிட்டது!

"சார், மைக்கைக் குடுங்க."

வாங்கி, கட்டம் மறுபடி ஆரம்பித்ததும், ஒன்றும் பேசாமல் நகத்தால் ஒரு தட்டு. கப்பல் சீறிக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது.

"அடப்பாவி கேப்டா!" என்று எழில் எழுந்தே விட்டாள். "புரியாத சத்தம் எது கேட்டாலும் இவரு முழு வேகம்னு எடுத்துக்கறாரு. முன்னாடி கட்டங்கள்ல எதிர்ல வெறும் தண்ணி, ஒண்ணும் ஆகல. இங்க எதிர்ல பாறை!"

"அதனால?" என்றார் அப்பாதுரை.

"ஊதக் கூடாது சித்தப்பா. தட்டக் கூடாது. அவ்ளோதான்."

"ப்பூ, இவ்ளோதானா. குடு இங்க."

மைக்கை வாங்கினார். கம்பீரமாக நிமிர்ந்தார். "பூ... ஹலோ..."

டமார்!

"சித்தப்பா!"

"வாய் தானா ஊதுதும்மா! முப்பது வருஷமா மைக்கைப் புடிச்சா ஊதித்தான் பழக்கம். ஊதலன்னா பேச்சே வரமாட்டேங்குது."

ரேவதி முயன்றாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். விரல் தட்டிவிட்டது. டமார். பிரசாத் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஊதினார். டமார். எழிலே முயன்றாள். கண்டுபிடித்தவளே "ஹலோ" என்றாள். டமார்!

"எந்த மேடையில பேசப் போறோம்னு எல்லாரும் டெஸ்ட் பண்றோம்?" என்று ரேவதி தலையில் அடித்துக்கொண்டாள்.

பிரசாத் எழுந்தார். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு எழில். கழட்டிடலாமா?"

அவர் கை மைக் ஒயர் பக்கம் போனது. இழுத்தார். திரை அப்படியே உறைந்து நின்றது. அலை எழும்பிய இடத்திலேயே, கேப்டன் நின்ற இடத்திலேயே.

எழிலுக்குப் பொறி தட்டியது.

"சார்! கையை எடுங்க! மைக் கழண்டா கேம் நிக்குது பாருங்க. அப்ப ஊத வேண்டியதை இப்பவே ஊதிட்டா? தட்ட வேண்டியதைத் தட்டிட்டா? ஆசை தீர்ந்தப்புறம் சொருகினா?"

பிரசாத் மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். "ஒரே ஒரு தடவை."

"ரேவதிக்கா, நீங்கதான்."

ரேவதி பக்கத்தில் இருந்த சூடான டீயை ஒரே மடக்கில் காலி செய்தாள். செத்த மைக்கைக் கையில் வாங்கினாள். தட்டினாள். ஊதினாள். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ," என்று மனசாரச் சொல்லி முடித்தாள்.

"திருப்தியாக்கா?"

"திருப்தி."

எழில் சொருகினாள்.

"மிகி," என்றாள் ரேவதி.

கப்பல் பாறையை உரசாமல் வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது! மெத்தைகளில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்தார்கள். இந்தக் கடலை யாருமே பார்த்ததில்லை. தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் மினுக்கியது.

"ஹிதாரி... மிகி... ஹிதாரி..."

இன்னும் ஒரே வளைவு. இரண்டு பக்கமும் பாறை. அப்போதுதான்...

"ஹிக்!"

ரேவதிக்கு விக்கல்.

கப்பல் பாய்ந்தது. "தோமாரே!" என்று அலறினாள். பாறையின் விளிம்பில் நின்றது. ரேவதி மைக்கை எட்டப் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ உன்ன நெனைக்கறாங்கம்மா," என்றார் அப்பாதுரை.

"கேப்டன் பொண்டாட்டியா இருக்கும்," என்றாள் எழில். "சித்தப்பா, மைக்கை நீங்க புடிங்க. அக்கா தோளைத் தூக்கினா விக்கல் வருதுன்னு அர்த்தம், உடனே தள்ளிடுங்க!"

அப்பாதுரை மைக்கைப் பிடித்தார். ரேவதியின் தோள் மேலே போனது. மைக் சரேலென்று விலகியது. "ஹிக்!" கப்பல் அசையவில்லை. மைக் திரும்பி வந்தது. "ஹிதாரி." கொஞ்சம் போனது. தோள் தூக்கியது. மைக் விலகியது. "ஹிக்!" திரும்பியது. "மிகி." சிரிப்பை அடக்க எழில் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தோமாரே!"

நின்றது. கரையில்.

கேப்டன் மரப்படியில் இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றி, அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் குனிந்து வணக்கம் வைத்தார். திரை முழுக்க ஜப்பானிய எழுத்துகள் மேலே ஏறின. யாருக்கும் ஒரு எழுத்தும் புரியவில்லை. கைத்தட்டலில் கீழே பேக்கரிக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

பிரசாத் மட்டும் கை தட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா என் அலமாரியில இருந்தது. இந்தக் கரையை நான் இப்பதான் பார்க்கறேன்." எழிலைத் திரும்பிப் பார்த்தார். "சொன்ன சொல் சொன்னதுதான். கேம் உங்களுது. பெங்களூர்க்காரருக்கு இல்லன்னு சொல்லிடறேன்."

எழில் காலி டம்ளர்களைப் பொறுக்கி எடுத்தாள். "டீ சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்டாள்.

"சாப்பிடறேன். அப்புறம், இங்க பக்கத்துல ராத்திரி தங்க ரூம் கிடைக்குமா?"

"பஸ்ஸு?"

"பஸ் தினமும் போகுது," என்று கையை நீட்டினார் பிரசாத். "மைக்கை இப்படிக் குடுங்க."

"சார்," என்றாள் ரேவதி, விக்கலுக்கு நடுவே. "வரிசையில வாங்க. அடுத்து சித்தப்பா."

பிரசாத் போய், அப்பாதுரைக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.