பெனடிக்றைப் பார்க்க வந்தவர்

மூன்று கழகம் மாறி, ஒருமுறை காலும் முறிந்து, நாலு வருடமாக லண்டன் சேற்றில் உருண்டு எழும்பியவனுக்கு அந்தச் சனிக்கிழமைதான் கதவு திறக்க இருந்தது.

1989 மார்ச். மோர்டன் பக்கம் ஹேசல் பார்க் என்றொரு சின்ன உதைபந்தாட்டக் கழகம். அதில் சென்டர் ஃபோர்வேர்ட் பெனடிக்ற். யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெடியன். வாரநாளில் டூட்டிங் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை, சனிக்கிழமையில் கோல் அடிக்கிற வேலை. இரண்டையும் ஒழுங்காகத்தான் செய்தான். ஆனால் அவன் அடித்த கோல்களைப் பார்க்க வேண்டியவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. முதல் கழகம் கடனில் மூழ்கி மூடப்பட்டது. இரண்டாவது கழகம் அவனைப் பெஞ்சிலேயே காய வைத்தது.

இப்போது நான்காம் டிவிஷன் கழகம் ஒன்று ஆள் தேடுகிறதாம். விற்லொக் என்றொரு கிழவர் அவர்களுக்காக ஆட்டம் பார்க்க வருகிறாராம். அவருக்குப் பிடித்துவிட்டால் முழுநேர ஆட்டக்காரன். பெற்றோல் பம்புக்கு ஒரு பெரிய கும்பிடு.

"அண்ணை, சனிக்கிழமை ஷிப்ட் எனக்கு ஏலாது" என்றான், ஸ்டேஷன் மனேஜர் கணேசலிங்கத்திடம்.

"ஏன்?"

"ஒருத்தர் என்னைப் பார்க்க வாறார்."

"பொம்பிளை பகுதியோ?"

"இல்லை அண்ணை! பெரிய கழகத்தில இருந்து. ஆனா ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சீச்சீ, நான் ஏன் சொல்லுறன்?"

சனிக்கிழமை, ஆட்டம் தொடங்க முன்னமே மைதானத்து வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. கதவு திறந்தது. ஸ்டேஷன் ஆட்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டேயிருந்தார்கள். கடைசியாகக் கணேசலிங்கமும், குடையோடு அவர் மனைவி தவமலரும்.

ஆட்டம் தொடங்க மழையும் பிடித்துக்கொண்டது. மைதானத்து ஓரக் கம்பியில் சாய்ந்து, மண்ணிறத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் தனியாக நின்றார். விற்லொக். அவரைக் கண்ட கணத்திலிருந்து பெனடிக்றின் கால் அவன் சொல்வழி கேட்கவில்லை. சறுக்கினான். ஓப்சைட்டில் மாட்டினான். கோல்காப்பவன் விழுந்து கிடக்க, வெறும் கோலுக்கு முன்னால் பந்தை வானத்துக்கு அனுப்பினான்.

"டேய் பெனடிக்ற், கோல் கீழ இருக்கடா! மேல இருக்கிறது ஆண்டவர்!" என்று கத்தினான் ராஜேந்திரன். அதே ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்கிறவன். நக்கலுக்குச் சம்பளம் கொடுத்தால் பணக்காரன் ஆகியிருப்பான்.

இடைவேளையில் பெனடிக்ற் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இன்னும் பாதி ஆட்டம் இருக்கிறது. ஒரு கோல். ஒன்று போதும்.

இரண்டாவது பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் அது வந்தது. வலது பக்கத்திலிருந்து பந்து உயரமாக வந்தது. ஆறடித் தடுப்பாளன் ஒருவன் முழங்கையால் இடித்தான். பெனடிக்ற் அவனுக்கும் மேலே எழும்பினான். நெற்றியில் பட்ட பந்து மூலைக்குள் போய் வலையைத் தூக்கியது. பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு கோல் அவன் அடித்ததில்லை.

கூச்சல் கிளம்பியது. அவன் திரும்பி ஓரக் கம்பியைப் பார்த்தான்.

தொப்பியைக் காணவில்லை.

கணேசலிங்கத்தையும் காணவில்லை.

அதற்குள் பயிற்சியாளர் டெரி அவனை வெளியே வரும்படி கையைக் காட்டினார். "அருமை! போதும், வா. செவ்வாய்க்கிழமை கிண்ண அரையிறுதி. உன் கால் எனக்கு முழுசாக வேண்டும்."

"இன்னும் கொஞ்ச நேரம், டெரி—"

"வா என்றால் வா!"

வெளியே வந்தவன் பெஞ்சில் இருக்கவில்லை. பூட்ஸோடு வாசலுக்கு ஓடினான். வெள்ளை வானின் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து மங்கியிருந்தது. கதவை இழுத்தான்.

உள்ளே நடு ஆசனத்தில் விற்லொக். ஒரு கையில் தேத்தண்ணிக் கிண்ணம், மறுகையில் பாதி கடித்த இறைச்சி ரோல்ஸ். முகம் சிவந்து, மிளகாயில் கண்ணீர் வழிந்தது. "இன்னுமொண்டு, இன்னுமொண்டு" என்று தவமலர் தட்டில் வைக்க, வேண்டாம் என்று சொல்ல வழி தெரியாத அந்த வெள்ளைக்காரர் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி!" என்றார் கணேசலிங்கம். "மனுசன் உன்னைப் பார்க்க வந்து நனைஞ்சுகொண்டு நிண்டது. வாய் நனைக்காமல் அனுப்பேலுமே? ஏதோ சத்தம் கேட்டுது, ஆர் அடிச்சது?"

விற்லொக்குக்கு அவன் முகத்திலேயே விளங்கிவிட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நீயா?" என்றார் ஆங்கிலத்தில். "இன்னும் விளையாடுகிறாய்தானே?"

"என்னை வெளியே எடுத்துவிட்டார்கள், சேர். செவ்வாய்க்கிழமை விளையாடுவேன். வாருங்கள்."

"செவ்வாய் நான் வடக்கே போகிறேன். வியாழனோடு இந்தப் பருவத்துக்கு ஆள் பதிகிற காலம் முடிகிறது." கிழவர் தொப்பியைக் கையில் சுழற்றினார். "கண்ணால் கண்டதைத்தான் நான் அங்கே சொல்லலாம், தம்பி. நான் கண்டது முதல் பாதி."

தவமலருக்கு மறுபடி நன்றி சொல்லி, மழைக்குள் இறங்கிப் போனார்.

"நாலு வருசம் அண்ணை!" பெனடிக்ற் வான் கதவில் ஓங்கி அடித்தான். "ஒரு மனுசன். ஒரு நாள். அவனைக் கொண்டுவந்து கண்ணாடிக்குள்ள பூட்டி வைச்சிருக்கிறியளே!"

"தம்பி, அண்ணையை ஏசாதை" என்றார் தவமலர், அழுகிற குரலில். "அந்தக் கிழவர் ரெண்டு ரோல்ஸோட எழும்பினவர். நான்தான் பிடிச்சு இருத்தினனான்."

அதற்கு மேல் யாரைத் திட்டுவது? பெனடிக்ற் வான் படியில் குந்தினான்.

திரும்பும்போது பின் ஆசனத்தில் கோலைப் பற்றி ஒரே சண்டை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்கு விளக்கினார்கள். ஒவ்வொருவர் சொன்னதும் ஒவ்வொரு கோலாக இருந்தது. கணேசலிங்கம் வானை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வலது காலோ, இடது காலோ?" என்று கடைசியில் மெல்லக் கேட்டார்.

"தலை அண்ணை. தலையாலதான் அடிச்சனான்."

டூட்டிங் சிக்னலில் வான் நின்றது.

"செவ்வாய்க்கிழமை லீவு வேணுமோ?"

பெனடிக்ற் சேறு காய்ந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தான்.

"வேணும்" என்றான். "ஆனா நீங்கள் ஒருத்தரும் வரப்படாது."

"அப்ப நீ கோல் அடிச்சால் ஆரடா கத்துறது?" என்றான் ராஜேந்திரன் பின்னாலிருந்து.

யாரும் சிரிக்கவில்லை.