குனிந்து பழகிய முதுகு

வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் ஒரே தட்டிலிருந்து கறிபாப் எடுத்துத் தின்கிறார்கள், தோளில் தட்டிக்கொள்கிறார்கள், இப்போதெல்லாம் இப்படித்தான், எவனுக்கும் எவன் மேலும் வருத்தம் கிடையாது, எல்லாரும் எல்லாரோடும் பல்லைக் காட்டுகிறார்கள், ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டவர்கள் என்று முகத்தைப் பார்த்தால் தெரியவா செய்கிறது, எங்கள் ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஜப்பான் தொழிற்சாலைக்கு இன்று திறப்பு விழா, முதல் வரிசையில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள், சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதில் உயிரோடு திரும்பியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான் மிச்சமாம். என் மகள் இந்திராணி இங்கே சூப்பர்வைசர். வாங்கப்பா, பெரியப்பா பேர மேடையில சொல்லுவாங்க, நான் பேசி வச்சிருக்கேன், என்றாள், அந்த ஒன்றுக்காக வந்தேன், இல்லையென்றால் இந்தச் சப்பாத்தை எவன் மாட்டுவான்.

பெரியப்பா என்று அவள் சொன்னது என் அண்ணன் சடையனை, அவள் பார்த்ததில்லை, நானும் அவன் முகத்தை இப்போது மழைக்குள்தான் பார்க்கிறேன், ரயில் பாதை போட்ட மூங்கில் காடு, விடாத மழை, அண்ணனுக்கு வாந்திபேதி, வேலை முடிந்து திரும்பி வருகிறேன், அவன் படுத்திருந்த தட்டியில் வேறொருவன் படுத்திருக்கிறான், எங்கண்ணன் எங்கய்யா, எனக்கென்ன தெரியும், என்னை இப்பத்தான் கொண்டாந்து போட்டாங்க, என்கிறான், காவல் நின்ற ஜப்பான் சிப்பாயிடம் ஓடுகிறேன், குனியாமல் பேசினால் அடி விழும் என்று முதலில் இடுப்பை மடித்துக் குனிகிறேன், பிறகு கேட்கிறேன், குனிந்தும் அறைந்தான், மண்வெட்டியைக் காட்டினான், அவ்வளவுதான், எந்தக் குழி, எந்த ஆற்றோரம், ஒன்றும் தெரியாமல் ஊர் வந்து சேர்கிறேன், சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள், ஆபீஸ் கம்பத்தில் சூரியக் கொடியை இறக்கிவிட்டுப் வெள்ளைக்காரனின் பழைய கொடியை ஏற்றியிருக்கிறார்கள், ஜீப்பில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை திரும்பி வருகிறான், எங்களை வரிசையாக நிறுத்துகிறார்கள், வண்டி நின்றதும் நாங்கள் அத்தனை பேரும், ஆணும் பெண்ணும், யாரும் சொல்லாமலே இடுப்பை மடித்துக் குனிந்துவிட்டோம், மூன்றரை வருஷப் பழக்கம், துரை முகம் சிவந்துபோயிற்று, உடனே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பாய்ந்து வந்து என் கன்னத்தில் விட்டான், தொரைக்கே ஜப்பான் கும்பிடா போடுறீங்க, என்றான், குனியவில்லை என்று போன மாசம் வரை தோட்டத்து ஆட்களை அடித்தவனும் இதே கிராணிதான். அந்தக் கன்னத்தோடேயே துரையிடம் அண்ணனைக் கேட்டேன், பாக்கலாம்னு தொர சொல்றாரு, போ, என்றான் கிராணி. அதே பாதையில் செத்த வெள்ளைச் சிப்பாய்களின் எலும்பைத் தேடி எடுத்து அடக்கம் செய்து வரிசை வரிசையாகக் கல் நட்டார்களாம், எங்கள் ஆட்களுக்குக் கல்லும் இல்லை கணக்கும் இல்லை, அந்தக் கொடியும் இறங்கி எங்கள் நாட்டுக் கொடி ஏறியது, பிறகு பார்த்தால் வானொலி ஜப்பான், மோட்டார் ஜப்பான், இப்போது மகள் கட்டியிருக்கும் கடிகாரமும் ஜப்பான்.

மேடையில் ஹிரானோ என்கிற மேலாளர் பேசுகிறார், சின்ன வயது, அந்தக் காலத்தில் பிறந்திருக்கக்கூட மாட்டார், ஆபீஸ் ஆள் அருள்தாஸ் தமிழில் சொல்கிறான், கடந்த காலத்தில் வருந்தத்தக்க சம்பவங்கள் நடந்தன, இனி நட்பு, முன்னேற்றம், முடிந்துவிட்டது, கை தட்டுகிறார்கள், சடையன் என்ற பேர் வரவில்லை. இந்திராணியைப் பார்க்கிறேன், அவள் தரையைப் பார்க்கிறாள். பொன்னாடை போடவேண்டும் என்று என்னை மேலே ஏற்றுகிறார்கள், அந்த ஹிரானோ பொன்னாடையைப் போட்டுவிட்டு என் முன்னால் நின்று கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக் குனிகிறார், நான் நினைப்பதற்குள் என் இடுப்பு மடிந்துவிட்டது, அவரைவிடத் தாழ்வாக, கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது, படம் எடுக்கிறார்கள், கிழவன் மன்னித்துவிட்டான் என்று நினைத்துவிட்டார்கள், அது மன்னிப்பு இல்லை, அந்தப் பழைய அறைக்குப் பயந்த முதுகு. அருள்தாஸ் கையிலிருந்த மைக்கைப் பிடித்துக்கொண்டேன், எங்கண்ணன் பேரு சடையன், அவன எங்க பொதைச்சீங்க, கேட்டுச் சொல்லு.

தாத்தா, இன்னைக்கு நல்ல நாளு லா, அப்புறம் பேசிக்கலாம், என்கிறான் அருள்தாஸ். கெட்ட நாள்ல கேட்டுப் பாத்துட்டேன்டா, அறைதான் கெடச்சிச்சு, நல்ல நாள்லயும் கேக்கக் கூடாதுன்னா எப்பத்தான் கேக்குறது, என்கிறேன். இந்திராணி மேடைக்கு ஏறி வருகிறாள், வேலை போனாலும் போகட்டும் என்கிற முகம், அப்பா சொன்னத அப்படியே சொல்லுங்கண்ணே, ஒரு வார்த்த கொறைக்காதீங்க. அருள்தாஸ் சொன்னான், ஹிரானோ மறுபடியும் குனிகிறார், இந்தத் தடவை நான் நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேடிப் பாக்குறேன்னு சொல்றாரு தாத்தா. எங்க தேடுவாராம். அத அவரு சொல்லல.

பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினேன். அப்பா, சொல்லிட்டாருல்ல, கொஞ்சம் நில்லுங்க, என்று இந்திராணி பின்னாலேயே வருகிறாள், தொரயுந்தான அன்னைக்குப் பாக்கலாம்னு சொன்னான், கண்டுபிடிச்சா வந்து சொல்லு, என்கிறேன், வெயில் சுள்ளென்று அடிக்கிறது, வாசலில் காவலாளி விறைத்து நின்று எனக்கு சலாம் வைக்கிறான், பதிலுக்கு இந்த முதுகு என்ன செய்யுமோ என்று பயந்து, அவன் பக்கம் திரும்பாமல், நடந்துகொண்டே இருக்கிறேன்.